எரிந்த அடுப்பு ஏன் தேறவில்லை: மலைப் பயணத்துக்கு முந்தைய சோதனை பற்றிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

ஆறு பேர் கொண்ட நடைக்குழு ஒன்று ஐந்து நாள் மலைப் பயணத்துக்குத் தயாரானது. கீழ் முகாம்களில் ஓடைத் தண்ணீர் உண்டு. மூன்றாம், நான்காம் இரவுகளைக் கழிக்கவேண்டிய மேல் முகாம் சுமார் 3,900 மீட்டர் உயரத்தில் இருந்தது. அங்கே தண்ணீர் வேண்டுமென்றால் பனியை உருக்கித்தான் ஆகவேண்டும். அடுப்பு நின்றுபோனால் சாப்பாட்டோடு குடிநீரும் போய்விடும். இந்த ஒரு காரணத்துக்காகவே குழுத் தலைவி அடுப்பை மற்ற சாமான்களோடு சேர்த்துப் பார்க்காமல் தனியாக எடுத்துச் சோதிக்கவேண்டும் என்றார்.

குழுவிடம் இரண்டு அடுப்புகள் இருந்தன. முக்கியமானது திரவ எரிபொருள் அடுப்பு. பாட்டிலுக்குள் பம்ப் வழியாகக் காற்றழுத்தம் ஏற்றுவார்கள். அந்த அழுத்தத்தில் எரிபொருள் ஒரு நெகிழ்குழாய் வழியாகப் பர்னருக்குப் போகும். அங்கே சூடான உலோகக் குழாயில் ஆவியாகி, ஜெட் எனப்படும் நுண்துளை வழியாகப் பீறிட்டு எரியும். இன்னொன்று கேனிஸ்டர் எனப்படும் கேஸ் குப்பியின் தலையில் நேராகத் திருகிக்கொள்ளும் சிறிய கேஸ் அடுப்பு. அதை மாற்று ஏற்பாடாக மட்டும் வைத்திருந்தார்கள்.

திரவ அடுப்பு இரண்டு ஆண்டுகளாகப் பையைவிட்டு வெளியே வரவில்லை. கடைசியாகப் போன பயணத்தில் மண்ணெண்ணெய் ஊற்றிப் பயன்படுத்தியிருக்கிறார்கள். பம்ப் அந்தப் பழைய பாட்டிலிலேயே திருகியபடி இருந்தது. உள்ளே மிச்ச மண்ணெண்ணெயும் இருந்தது. அன்று அதைக் கட்டிவைத்தவர் இப்போது குழுவில் இல்லை. இந்த முறை குளிரில் எளிதில் பற்றும் என்பதால் அடுப்புகளுக்கென்றே சுத்திகரித்து விற்கும் பெட்ரோலை, அதாவது வொயிட் கேஸை எடுத்துக்கொள்ள முடிவாகியிருந்தது.

நான் இந்தப் பயணத்தில் போகவில்லை. சோதனை நாட்களில் கூடவே இருந்து நேரத்தையும் எடையையும் குறித்துக்கொடுத்தேன். மலையில் நடந்தவற்றைத் தலைவியும் பொருள் பொறுப்பாளரும் திரும்பி வந்து தனித்தனியாகச் சொன்னார்கள். இரண்டும் ஒத்துப்போன இடங்களை மட்டுமே இங்கே எழுதுகிறேன்.

புறப்பாட்டுக்கு 22 நாள் முன்: முதல் பற்றவைப்பு

பொறுப்பாளர் புதிய பாட்டில் ஒன்றில் வொயிட் கேஸ் ஊற்றி, பம்பை மாற்றித் திருகி, அழுத்தம் ஏற்றி, பர்னருக்கு அடியில் உள்ள கிண்ணத்தில் சிறிது எரிபொருள் விட்டு முன்சூடு கொடுத்தார். ஓரிரு நிமிடத்தில் நீலச் சுடர் வந்தது. ஐந்து நிமிடம் எரியவிட்டு அணைத்தார். "அடுப்பு நல்லா இருக்கு" என்று பட்டியலில் குறி போட்டாயிற்று.

பெரும்பாலான குழுக்களில் சோதனை இங்கேயே முடிந்துவிடும். சுடர் வந்ததும் மனம் நிம்மதியாகிவிடுகிறது. ஆனால் இந்த ஐந்து நிமிடம் எதைக் காட்டியது என்று பார்த்தால், எரிபொருள் போகும் வழி முழுவதுமாக அடைபட்டிருக்கவில்லை என்பது ஒன்றுதான். எவ்வளவு வேகமாகக் கொதிக்கவைக்கும், எவ்வளவு எரிபொருள் தின்னும், நீண்ட நேரம் சூடேறினால் எங்கே கசியும் என்று எதுவும் தெரியவில்லை. தலைவி பட்டியலைப் பார்த்துவிட்டு அதே வாரம் இன்னொரு நாள் முழுச் சோதனை வேண்டும் என்றார்.

19 நாள் முன்: எரிபொருளும் பம்பும்

சோதனையை வீட்டுக்குள் வைக்கவில்லை. திறந்தவெளியில், காய்ந்த புல் இல்லாத வெறுந்தரையில், பக்கத்தில் ஒரு வாளி மணலோடு தொடங்கினார்கள். எரியும் பெட்ரோலின் மேல் தண்ணீர் ஊற்றினால் பெட்ரோல் மிதந்து தீயோடு பரவும். மணலோ நனைத்த கனத்த துணியோதான் மூடி அணைக்கும்.

முதலில் பழைய பாட்டில். உள்ளிருந்த மண்ணெண்ணெய் மஞ்சளாக மாறி, கெட்ட வார்னிஷ் போல நாறியது. வெள்ளைத் துணியில் வடித்தபோது மணல் போன்ற துகள்கள் நின்றன. இந்தத் துகள்தான் பின்னால் ஜெட்டை அடைப்பது. அதைத் தரையிலோ சாக்கடையிலோ ஊற்றாமல், மூடிய கலனில் சேர்த்து அபாயக் கழிவு வாங்கும் இடத்தில் ஒப்படைத்தார்கள். பாட்டிலைக் கொஞ்சம் புதிய எரிபொருளால் அலசிக் காயவைத்தார்கள்.

பிறகு பம்ப். கைப்பிடியை இழுத்து அழுத்தினால் எதிர்ப்பே இல்லை, வெறுமனே போய் வந்தது. தண்டை வெளியே எடுத்துப் பார்த்தால் அதன் நுனியில் உள்ள தோல் வாஷர் காய்ந்து சுருங்கியிருந்தது. முதல் நாள் அடுப்பு எரிந்தது, பொறுப்பாளர் அறுபது எழுபது முறை பம்ப் அடித்ததால்தான். வழக்கமாக இருபது முப்பது முறை போதும். அன்று யாரும் எண்ணவில்லை. சில துளி எண்ணெய் விட்டு, வாஷரின் விளிம்பை விரலால் மெல்ல விரித்து, பத்து நிமிடம் ஊறவிட்டார்கள். திரும்பச் செருகியபோது இருபது அடிக்குள் கை தாங்கும் அளவுக்கு அழுத்தம் ஏறியது.

அடுத்தது அழுத்தச் சோதனை. பாட்டிலில் நிரப்புக் கோடு வரை மட்டும் எரிபொருள் ஊற்றினார்கள். அதற்கு மேல் காற்றுக்கு இடம் வேண்டும். விளிம்புவரை நிரப்பினால் எரிபொருள் சூட்டில் விரியும்போது போக இடமிருக்காது. அழுத்தம் ஏற்றி, கட்டுப்பாட்டு வால்வை மூடி, பாட்டிலை வெள்ளைத் தாளின் மேல் படுக்கவைத்து அரை மணி நேரம் விட்டார்கள். தாளில் கறை இல்லை. பம்ப் தண்டை இழுத்துப் பார்த்தபோது அதன் உருளைக்குள் எரிபொருள் ஏறியிருக்கவில்லை. ஆக, பாட்டில் கழுத்தின் வளையமும் பம்பின் அடியில் உள்ள ஒருவழி வால்வும் சரி.

"கசிவே இல்ல அக்கா, முடிஞ்சது" என்றார் குழுவின் இளைஞர்.

"வால்வு மூடியிருக்கு தம்பி. அதுக்கு அந்தப்பக்கம் ஒரு சொட்டுகூட இன்னும் போகல" என்றார் தலைவி.

இந்தப் பதிவில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது இந்த ஒரு வாக்கியம்தான். ஒவ்வொரு சோதனையும் தான் தொடும் இடத்தைப் பற்றி மட்டுமே பேசும். வால்வை மூடிச் செய்த சோதனை பாட்டிலையும் பம்பையும் தொட்டது. வால்வுத் தண்டு, குழாய் இணைப்பு, குழாய், ஜெட் எதையும் அது தொடவில்லை. இதை மனதில் வைத்துக்கொண்டால் "சோதித்தாயிற்று" என்ற சொல்லை யாரும் அவ்வளவு சீக்கிரம் சொல்லமாட்டார்கள்.

அதே நாள்: கொதிநேரம் சொன்ன செய்தி

ஒரு லிட்டர் தண்ணீரை மூடிய பாத்திரத்தில் வைத்து நேரம் பார்த்தோம். தண்ணீர் 20 டிகிரி, காற்று இல்லை. கொதிக்க 8 நிமிடம் 40 நொடி ஆனது. இந்த வகை அடுப்புக்கு நான்கிலிருந்து ஐந்து நிமிடத்தை எதிர்பார்க்கலாம். சுடர் நீலமாகத்தான் இருந்தது, ஒழுங்காகவும் இருந்தது. கண்ணுக்குக் குறையே தெரியவில்லை, கடிகாரம்தான் காட்டிக்கொடுத்தது.

முதல் சந்தேகம் கரி அடைப்பு. அடுப்பு ஆறியதும் ஜெட்டைக் கழற்றி, நெகிழ்குழாய்க்குள் இருந்த கம்பியை உருவித் துடைத்து உள்ளே கரியைத் தேய்த்து எடுத்தார்கள். ஜெட் துளையை அதற்கென்றே உள்ள ஊசியால் மட்டும் குத்தினார்கள். கையில் கிடைத்த ஏதோ ஒரு கம்பியைத் திணித்தால் துளை பெரிதாகிவிடும், அதைத் திரும்பச் சரிசெய்ய முடியாது. பிறகு மறுபடியும் ஒரு லிட்டர். 8 நிமிடம் 20 நொடி. பெரிய மாற்றமில்லை.

இங்கே பொறுப்பாளர் செய்த காரியத்தைப் பாராட்டவேண்டும். இன்னொரு முறை சுத்தம் செய்து பார்ப்பதைவிட, கழற்றிய ஜெட்டைப் பூதக்கண்ணாடியில் வைத்து அதன் தலையில் பொறித்திருந்த எண்ணைப் படித்தார். 28 என்றிருந்தது. கையேட்டில் பார்த்தால் இந்த அடுப்பில் 0.28 மில்லிமீட்டர் துளை மண்ணெண்ணெய்க்கு உரியது. வொயிட் கேஸுக்கு 0.37. இரண்டு ஆண்டுக்கு முன் மண்ணெண்ணெய்க்காக மாற்றிய ஜெட் அப்படியே இருந்திருக்கிறது.

துளையின் விட்டத்தில் இருப்பது சின்ன வித்தியாசம் போலத் தோன்றும். ஆனால் ஆவி வெளியேறுவது துளையின் பரப்பைப் பொறுத்தது. 28-ஐ 37-ஆல் வகுத்து வர்க்கப்படுத்தினால் 0.57 வரும். அதாவது அடுப்புக்குக் கிடைக்கவேண்டிய எரிபொருளில் ஏறக்குறைய 57 சதவீதம்தான் போய்க்கொண்டிருந்தது. உதிரிப்பையில் இருந்த 37-ஆம் எண் ஜெட்டைப் போட்டதும் அதே ஒரு லிட்டர் 4 நிமிடம் 50 நொடியில் கொதித்தது. கணக்கும் கடிகாரமும் ஒத்துப்போனதால் காரணம் இதுதான் என்று உறுதியாகச் சொல்ல முடிந்தது.

இந்தப் பிழை தலைகீழாக நடந்திருந்தால், அதாவது பெரிய துளை ஜெட்டோடு மண்ணெண்ணெய் ஊற்றியிருந்தால், மஞ்சள் சுடரும் கரும்புகையும் வந்து உடனே தெரிந்திருக்கும். சிறிய துளையோடு வொயிட் கேஸ் ஊற்றும்போது சுடர் அழகாகவே எரியும், பலம் மட்டும் குறைவு. மலையில் இதைக் காற்றின் மேலும் குளிரின் மேலும் பழி போட்டுச் சமாளித்திருப்பார்கள்.

அதே நாள் மாலை: கசிவு

கொதிநேரம் சரியானதும் தொடர்ந்து மூன்று லிட்டரைக் கொதிக்கவைத்து எரிபொருள் செலவை அளந்தோம். முகாமில் அடுப்பு அரை மணிக்குக் குறையாமல் எரியும். அந்தச் சூட்டில் எல்லாப் பாகங்களும் எப்படி இருக்கின்றன என்று பார்ப்பதும் நோக்கம். இருபதாவது நிமிடத்துக்குப் பக்கத்தில் தலைவி, "பாட்டிலைக் கொஞ்சம் திருப்பி வை, முகாம்ல யாராவது கால் தட்டின மாதிரி" என்றார். பொறுப்பாளர் பாட்டிலைக் கால் சுற்றுத் திருப்பினார்.

குழாய் பம்புக்குள் நுழையும் இணைப்பில் ஈரம் மினுங்கியது. சில நொடியில் சொட்டாகி, பம்பின் அடியில் வழிந்து தரையில் கருத்த வட்டம் போட்டது. பர்னர் இரண்டு அடி தூரத்தில் எரிந்துகொண்டிருந்தது.

வால்வை உடனே மூடினார்கள். ஆனால் சுடர் உடனே அணையவில்லை. குழாயில் மிச்சமிருந்த எரிபொருள் தீரும்வரை அரை நிமிடத்துக்கு மேல் எரிந்தது. இது இந்த அடுப்புகளின் இயல்பு. முதன்முறை பார்ப்பவர்கள் பதறி அடுப்பைத் தூக்கப் போவார்கள். இங்கே எல்லோரும் பின்வாங்கி நின்றார்கள், மணல் வாளி கையில் இருந்தது, தீ பரவவில்லை. சுடர் முழுதும் அணைந்து, அடுப்பு ஆறிய பிறகுதான் பாட்டிலைத் தொட்டார்கள். எரிபொருள் பட்ட மண்ணை அள்ளிக் கழிவோடு சேர்த்தார்கள்.

இணைப்புக்குள் இருந்த ஓ-ரிங் எனப்படும் ரப்பர் வளையத்தை மரக்குச்சியால் நெம்பி எடுத்துப் பார்த்தோம். வட்டமாக இருக்கவேண்டிய அதன் குறுக்குவெட்டு தட்டையாகியிருந்தது. விரலில் வளைத்தபோது மேற்பரப்பில் மயிரிழை வெடிப்புகள் தெரிந்தன. இரண்டு ஆண்டு அழுந்திய நிலையிலேயே எரிபொருளில் ஊறியும் காய்ந்தும் அதன் மீள்தன்மை போய்விட்டது. குழாய் அசையாதவரை அந்தத் தட்டை வடிவமே துவாரத்தை அடைத்துக்கொண்டிருந்தது. திருப்பியதும் இடைவெளி திறந்தது. முதல் நாள் ஐந்து நிமிடச் சோதனையில் யாரும் பாட்டிலை அசைக்கவில்லை.

எடுத்த முடிவுகள்

இளைஞர் இரண்டு யோசனை சொன்னார். ஒன்று, தண்ணீர்க் குழாயின் திருகில் சுற்றும் வெள்ளை டேப்பைச் சுற்றிவிடலாம். இன்னொன்று, தண்ணீர்க் குழாய் வாஷர் விற்கும் இடத்தில் அதே அளவு வளையம் வாங்கலாம். இரண்டும் தோன்றக்கூடிய யோசனைகளே. ஆனால் தலைவி இரண்டையும் ஏற்கவில்லை. அந்த இணைப்பில் திருகு கிடையாது. வளையத்தின் அழுத்தம்தான் அடைப்பு. டேப் சுற்றினால் அதன் இழை பிரிந்து உள்ளே போய் ஜெட்டை அடைக்கும். தண்ணீர்க் குழாய்களில் வரும் வளையங்கள் பெரும்பாலும் ஈபிடிஎம் ரப்பர். அது வெந்நீருக்கு நன்றாகத் தாங்கும், பெட்ரோலியத்தில் ஊறினால் உப்பி மென்மையாகிவிடும். எரிபொருளுக்கு நைட்ரைல் அல்லது வைட்டான் ரப்பர் வேண்டும். அளவு கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்தாலும் பொருள் வேறு.

ஆகவே அடுப்பைத் தயாரித்த நிறுவனத்தின் பராமரிப்பு உதிரிப்பையையே வரவழைத்தார்கள். கசிந்த ஒரு வளையத்தை மட்டும் மாற்றாமல் வால்வுத் தண்டு வளையம், பாட்டில் கழுத்து வளையம், தோல் வாஷர் என எல்லாவற்றையும் மாற்ற முடிவாயிற்று. காரணம் எளிது: எல்லாம் ஒரே வயது, ஒரே எரிபொருளில் ஊறியவை. இன்று ஒன்று போனால் மற்றவையும் நெடுநாள் தாங்காது. இரண்டாவது ஒரு பை கூடுதலாக வாங்கி மலைக்கு எடுத்துப்போவது என்றும் முடிவு செய்தார்கள்.

பொறுப்பாளருக்கு இந்தச் செலவில் தயக்கம் இருந்தது. கழுத்து வளையம் அழுத்தச் சோதனையில் தேறியதே என்று கேட்டார். அது நியாயமான கேள்விதான். ஆனால் அந்தச் சோதனை நடந்தது வெதுவெதுப்பான வெளியில். குளிரில் ரப்பர் இறுகும்போது பழைய வளையத்தின் நிலை என்ன என்பதை அது சொல்லவில்லை. மாற்றியது சரியே என்பது என் கருத்து.

கேஸ் அடுப்பு

இதில் பெரிய சிக்கல் இல்லை. கேனிஸ்டரில் திருகி, இணைப்பில் சோப்புத் தண்ணீர் தடவி, தீ இல்லாமல் வால்வைத் திறந்தும் மூடியும் பார்த்தார்கள், குமிழி வரவில்லை. பொறிபற்றும் பொத்தான் வேலை செய்தது. ஆனாலும் உயரத்திலும் ஈரத்திலும் அதை நம்ப முடியாது என்பதால் லைட்டரும் நீர்புகா டப்பாவில் தீக்குச்சியும் பட்டியலில் ஏறின.

சிக்கல் கேனிஸ்டர்களில் இருந்தது. கையில் மூன்று அரைகுறைக் குப்பிகள், எல்லாம் 230 கிராம் வகை. ஒன்றின் மேல் பேனாவால் "பாதி" என்று எழுதியிருந்தது. அதே தயாரிப்பின் காலிக் குப்பியை நிறுத்தால் 150 கிராம். "பாதி" என்று எழுதியது 212 கிராம் காட்டியது, அதாவது உள்ளே 62 கிராம்தான். இன்னொன்றில் 24. மூன்றாவதில் 181 கிராம் இருந்தது, ஆனால் அதன் மேலிருந்த விவரத்தைப் படித்தால் அது வெறும் பியூட்டேன். சாதாரண பியூட்டேனின் கொதிநிலை கடல் மட்ட அழுத்தத்தில் மைனஸ் 0.5 டிகிரி, உறைகுளிரில் அது ஆவியாவதே அரிது. ஐசோபியூட்டேன் மைனஸ் 11.7 டிகிரிவரை ஆவியாகும், புரோப்பேன் மைனஸ் 42 வரை. மூன்று குப்பியையும் கீழே வைத்துவிட்டு, ஐசோபியூட்டேன், புரோப்பேன் கலவையில் ஒரு புதிய குப்பியை எடுத்துக்கொண்டார்கள்.

எரிபொருள் கணக்கு

மூன்று லிட்டர் கொதிக்க, முன்சூட்டையும் சேர்த்து, 51 கிராம் செலவாயிற்று. லிட்டருக்கு 17. ஆறு பேருக்கு ஒரு நாளைக்கு 12 லிட்டர் சூடாக்குவதாக வைத்தால் 204 கிராம். ஐந்து நாளைக்கு 1,020 கிராம். வொயிட் கேஸின் அடர்த்தி ஏறத்தாழ 0.7 என்பதால் அது ஒன்றரை லிட்டருக்குச் சற்றுக் குறைவு. குழு முதலில் எடுத்துப்போக நினைத்ததும் ஒன்றரை லிட்டர்தான்.

பனியை உருக்கும் நாட்கள் அந்தக் கணக்கில் இல்லை. 0 டிகிரியில் உள்ள ஒரு கிலோ பனியை நீராக்க மட்டுமே 334 கிலோஜூல் வேண்டும். 20 டிகிரி நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுபோக ஆகும் வெப்பமும் ஏறக்குறைய அவ்வளவே. அதற்குப் பிறகு அந்தப் பனிநீரை 0-விலிருந்து கொதிக்கவைக்கவேண்டும். 3,900 மீட்டரில் நீர் 87 டிகிரி அளவிலேயே கொதித்துவிடும் என்பதைக் கழித்தாலும் செலவு இரண்டு மடங்கைத் தாண்டும். மேல் முகாமின் இரண்டு நாளுக்குமாகக் கூடுதலாக 450 கிராம். காற்றுக்கும் குளிரில் நீளும் முன்சூட்டுக்கும் கால் பங்கு சேர்த்ததில் மொத்தம் 2.6 லிட்டர் வந்தது. ஒரு லிட்டர் பாட்டில் மூன்றை நிரப்புக் கோடுவரை நிரப்பினால் சரியாகப் போதும்.

6 நாள் முன்: ஒத்திகை

உதிரிப்பை வந்து எல்லா வளையமும் மாறியபின் மறுபடி எல்லாச் சோதனையும் நடந்தது. இம்முறை விடியலுக்கு முன், தலைவிளக்கு வெளிச்சத்தில், கையுறையோடு, காற்று வீசும் மேட்டில். ஆறு பேரும் ஒவ்வொருவராக அடுப்பைக் கூட்டி, பற்றவைத்து, அணைத்து, ஜெட்டைக் கழற்றிக் குத்தி மாட்டவேண்டும். இருவருக்கு முன்சூடு போதாமல் மஞ்சள் சுடர் ஓரடி உயரத்துக்கு எழுந்தது. வால்வை மூடிக் காத்திருந்து, மறுபடி முன்சூடு கொடுக்கப் பழகினார்கள்.

காற்றுத் தடுப்புத் தகட்டை வைத்து இருபது நிமிடம் எரித்தபின் பாட்டிலைத் தொட்டுப் பார்த்தார்கள். தகடு பர்னரை மட்டும் சுற்றியிருக்க, பாட்டில் வெளியே இருந்ததால் அது வெதுவெதுப்பாகக்கூட இல்லை. கேனிஸ்டர் அடுப்பைச் சுற்றி இந்தத் தகட்டை வைக்கவே கூடாது என்று அங்கேயே சொல்லப்பட்டது. அதில் எரிபொருள் குப்பி பர்னருக்கு நேர் கீழே இருக்கிறது. தகடு அடைத்துவைக்கும் வெப்பம் குப்பியில்தான் ஏறும்.

மலையில்

முதல் இரண்டு நாள் குறிப்பிட எதுவும் இல்லை.

மூன்றாம் இரவு மேல் முகாமில் காற்று அதிகம். பனி உருக்கும்போது சுடர் மெல்ல இளைத்து, விட்டுவிட்டுத் துடித்தது. பொறுப்பாளர் அணைத்து, ஆறவிட்டு, ஜெட்டைக் கழற்றிக் குத்தினார். பத்து நிமிடத்துக்குள் அடுப்பு பழைய பலத்தில் எரிந்தது. ஒத்திகையில் செய்ததையே இருட்டில் செய்ததாக அவர் சொன்னார்.

மறுநாள் காலை நடந்ததை எந்தச் சோதனையும் முன்கூட்டிச் சொல்லவில்லை. பம்ப் அடித்தால் அழுத்தம் ஏறவில்லை. புதிய தோல் வாஷரில் விட்டிருந்த எண்ணெய் குளிரில் கெட்டியாகி, தோல் விறைத்து, உருளையின் சுவரோடு ஒட்டாமல் நின்றது. தலைவி தண்டை மட்டும் வெளியே இழுத்து, வாஷரை உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்துச் சூடாக்கி, விளிம்பை விரித்துத் திரும்பச் செருகினார். மூன்று முறை இப்படிச் செய்தபிறகே அழுத்தம் நின்றது. அதற்குள் கேனிஸ்டர் அடுப்பில் ஒரு பாத்திரம் வெந்நீர் தயாராகியிருந்தது. அந்தக் குப்பியை இரவெல்லாம் ஸ்லீப்பிங் பேக்குக்குள் வைத்திருந்ததால் அது தடுமாறவில்லை.

நான்காம் நாள் மாலை பனிப்புயல். கூடாரத்துக்குள்ளேயே அடுப்பைப் பற்றவைக்கலாம் என்று இருவர் கேட்டார்கள். நனைந்து நடுங்கிக்கொண்டிருந்தவர்கள் கேட்டதில் வியப்பில்லை. தலைவி மறுத்துவிட்டார். மூடிய கூடாரத்தில் எரியும் அடுப்பு கார்பன் மோனாக்சைடை வெளியிடும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. அது இரத்தத்தின் ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாகப் பிணைந்துகொள்ளும். தலைவலி, குமட்டல், சோர்வு என்று அதன் முதல் அறிகுறிகள் உயர நோயின் அறிகுறிகளைப் போலவே இருக்கும். 3,900 மீட்டரில் தலைவலி வந்தால் யார் அடுப்பைச் சந்தேகிப்பார்கள்? இதோடு தீ அபாயம் வேறு. அன்று பாறைக்குப் பின்னால் பனிக்கட்டிகளை அடுக்கிச் சுவர் எழுப்பி, குடிநீருக்கும் வெந்நீர்ப் பாட்டில்களுக்கும் மட்டும் பனி உருக்கினார்கள். இரவு உணவு சமைக்காமல் சாப்பிடக்கூடியதாகவே போனது. யாருக்கும் அது பிடிக்கவில்லை; காலையில் ஆறு பேரும் நலமாக எழுந்தார்கள்.

ஐந்தாம் நாள் இறங்கினார்கள். மூன்று பாட்டிலிலும் சேர்த்து மிஞ்சியது சுமார் 350 மில்லி லிட்டர். முதலில் நினைத்தபடி ஒன்றரை லிட்டர் மட்டும் கொண்டுபோயிருந்தால் நான்காம் நாளிலேயே தீர்ந்திருக்கும்.

இனி மாற்றவேண்டியவை

சோதனையை மூன்று வாரம் முன்பு தொடங்கியது போதுமானதாக இருந்தது, ஆனால் மயிரிழையில்தான். உதிரிப்பை வந்து சேர்ந்தது புறப்பாட்டுக்கு எட்டு நாள் முன்பு. அதில் ஒரு வளையம் தவறாக வந்திருந்தால் மாற்ற நேரமில்லை. குறைந்தது ஆறு வாரம் வேண்டும் என்று குழு இப்போது முடிவு செய்திருக்கிறது.

அதைவிட முக்கியம், சோதனையின் பாதி வேலையைத் திரும்பி வந்த வாரத்திலேயே செய்வது. இம்முறை வந்ததும் பாட்டில்களைக் காலி செய்து, பம்பைத் தனியே கழற்றி, வாஷருக்கு எண்ணெய் விட்டு, உலரவைத்து எடுத்துவைத்தார்கள். பையில் ஒரு அட்டை கட்டியிருக்கிறது: கடைசியாக ஊற்றிய எரிபொருள், போட்டிருக்கும் ஜெட்டின் எண், வளையங்கள் மாற்றிய தேதி, கொதிநேரம் 4 நிமிடம் 50 நொடி. கேனிஸ்டர்களில் "பாதி", "கால்" என்று எழுதுவதை விட்டுவிட்டு, தராசில் நிறுத்துப் பார்த்த எடையையே எழுதுகிறார்கள்.

குளிர்ச் சோதனை இன்னும் இல்லை. எரிபொருள் துளியும் இல்லாமல் துடைத்துக் காற்றாட உலர்த்திய பம்பை மட்டும் ஓர் இரவு கடுங்குளிரில் வைத்து, காலையில் வெறும் காற்றை அடித்துப் பார்ப்பது ஒரு வழி. குளிரில் கெட்டியாகாத சிலிகான் எண்ணெயை வாஷருக்கு விட்டுப் பார்ப்பது இன்னொன்று. இரண்டையும் அடுத்த பயணத்துக்கு முன் செய்து பார்க்கப்போகிறார்கள்.

ஒரு விஷயத்தில் தலைவியும் பொறுப்பாளரும் இன்னும் ஒத்துப்போகவில்லை. உதிரி வளையங்கள் மட்டும் போதாது, முழுப் பம்ப் ஒன்றே கூடுதலாக வேண்டும் என்கிறார் தலைவி. பம்பின் உடல் பிளாஸ்டிக், யாராவது மிதித்து உடைத்தால் எந்த வளையமும் உதவாது. கேனிஸ்டர் அடுப்பு இருக்கும்போது அது வீண் சுமை என்கிறார் பொறுப்பாளர். ஒரு 230 கிராம் குப்பி ஆறு பேருக்கு இரண்டு நாள் பனி உருக்கித் தராது என்பதால் நான் தலைவியின் பக்கம். பட்டியலில் அந்த வரி இப்போதைக்குக் கேள்விக்குறியோடு இருக்கிறது.